பன்னிரண்டு கூண்டுகளில் பட்டு

காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கை சிட்டிபாபுவுக்கு ஐம்பத்திரண்டு வயது. படுத்தால் பத்தாவது நிமிடம் குறட்டை விடுகிற ஆள். கல்யாணமான முதல் வாரத்திலேயே மரியம்மாள் தன் அக்கா வீட்டுக்குப் போய் இதைப் பற்றிப் புகார் சொன்னது ஊரறிந்த கதை. அப்படிப்பட்ட மனிதர் போன தை மாதத்தில் ஒன்பது நாள் தூங்கவில்லை. அந்த ஒன்பது நாளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். யாரும் பயப்பட வேண்டாம், நல்லபடியாகவே முடிந்தது. இப்போது மறுபடியும் குறட்டை விடுகிறார், மரியம்மாள் மறுபடியும் புகார் சொல்கிறாள்.

அவருடைய வேலை எலி வளர்ப்பது. காஞ்சிபுரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற பஸ்ஸில் ஏறினால் பாதி வழியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் வரும். அதன் பின்பக்கக் கட்டடத்துக்கு அங்கே அனிமல் ஹவுஸ் என்று பெயர், சிட்டிபாபுவின் சொந்தக்காரர்கள் வைத்த பெயர் எலி வீடு. "நம்ம வூட்ல எலியப் புடிக்கறதுக்குப் பொறி வெக்கறோம், அங்க அதுக்கு ஏசி போட்டு, சோறு போட ஆளு வெச்சி, சம்பளமும் குடுக்கறாங்களா?" என்று அவருடைய மச்சான் ராமராஜன் ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பார். சிட்டிபாபுவும் ஒவ்வொரு பொங்கலுக்கும் சிரிப்பார்.

அப்பா ஊரார் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். சிட்டிபாபு பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. லாரியில் கிளீனராக நான்கு வருடம், பெயிண்ட் வேலை ஆறு வருடம், ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவியது எத்தனை வருடம் என்று அவருக்கே நினைவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எலி வீட்டில் கான்ட்ராக்டில் சேர்ந்தார். முதல் நாளே அந்த வேலை அவருக்குப் பிடித்துப் போயிற்று. இத்தனை காலத்தில் யாரும் அதட்டாத இடத்தில் அவர் வேலை பார்த்தது அதுதான் முதல் முறை.

காலையில் போனதும் குளிக்க வேண்டும். நீல அங்கி, தொப்பி, முகமூடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டுதான் உள்ளே போகலாம். கட்டைவிரல் அளவுக் கறுப்பு எலிகள், ஒரு கூண்டுக்கு ஒன்று. தீனி வைப்பார், தண்ணீர் பாட்டிலை மாற்றுவார், வாரத்தில் இரண்டு தடவை கூண்டில் பரப்பியிருக்கும் உமியை மாற்றுவார். உமி என்றால் சாதாரண உமி இல்லை. பெரிய குக்கர் மாதிரி இருக்கும் ஆட்டோகிளேவில் ஆவியில் வேகவைத்து, கிருமி எல்லாம் செத்த உமி. அறை எப்போதும் இருபத்திரண்டு டிகிரியில் இருக்கும். வெளியே ஆடி மாதத்துப் புழுக்கமாக இருந்தாலும் உள்ளே மார்கழிதான்.

அந்த எலிகள் மஹாலட்சுமியின் ஆராய்ச்சிக்கானவை. அவள் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் உமாபதியின் மகள். முனைவர் பட்டத்துக்கு நான்கு வருடமாக அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். படித்த பெண் என்கிற மிடுக்கெல்லாம் கிடையாது. சிட்டிபாபுவை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். தன் அப்பா வீட்டில் தறிக்குக் குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தாரில் சுற்றவும் தறிக்கூடம் பெருக்கவும் ஆள் வேண்டும் என்றபோது மரியம்மாளைச் சேர்த்துவிட்டதும் அவள்தான். தன் வயதில் பாதியே ஆனவளை சிட்டிபாபு மேடம் என்று கூப்பிடுவார். வேண்டாமண்ணா என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியும் அவர் கேட்கவில்லை.

தன்னுடைய ஆராய்ச்சி என்ன என்று ஒரு நாள் டீ குடிக்கும்போது அவளே அவருக்கு விளக்கினாள்.

"கொழுப்புன்னா சேத்து வெக்கறது மட்டும் இல்லண்ணா. எரிஞ்சி உடம்புக்குச் சூடு குடுக்கற கொழுப்பும் இருக்குது. அந்த செல்லோட வாசல்ல காலிங் பெல் மாதிரி ஒண்ணு. குளிருதுன்னு மூளை பெல் அடிச்சா உள்ள எரிய ஆரம்பிக்கும். அந்த பெல்லுதான் ரிசெப்டார்."

"பெல்லே இல்லன்னா மேடம்?"

"அந்த மாதிரி எலியத்தான் வளக்கறீங்க. இந்த இருபத்து நாலுல பாதிக்கு பெல்லு கிடையாது. எதுக்கு இருக்குது எதுக்கு இல்லன்னு உங்களுக்கும் தெரியக்கூடாது, எனக்கும் தெரியக்கூடாது. லிஸ்ட்டு தினகரன் சார் அலமாரில இருக்குது. நமக்கு நம்பர் மட்டுந்தான்."

"தெரிஞ்சா இன்னா மேடம்?"

"தெரிஞ்சா நம்மள அறியாம ஒண்ண ஒரு மாதிரி, இன்னொண்ண ஒரு மாதிரி பாப்போம். அப்புறம் வர்ற ரிசல்ட் எலியோடதா, நம்மளோடதான்னு தெரியாது."

இந்த எலிகளுக்குச் செத்த கிருமியின் மேல்தோலில் கொஞ்சத்தை ஊசியில் போடுவார்கள். அதனால் நோய் வராது, ஆனால் உடம்பு நோய் வந்துவிட்டதாக நம்பிச் சண்டைக்குக் கிளம்பும். தீனி பிடிக்காது, எடை குறையும், பிறகு தேறும். உடம்பின் சக்தியைக் கவனிக்கிற அந்த பெல் இல்லாவிட்டால் இந்தச் சண்டை எப்படி நடக்கும்? அவள் தேடியது இதைத்தான். பெல் இல்லாதவை தேறாது என்பது எல்லாருடைய எதிர்பார்ப்பு.

ஊசி போடுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னாலேயே சிட்டிபாபுவுக்கு ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்துவிட்டது. உமி மாற்றும்போது எலியைக் கையில் எடுத்து வேறு கூண்டில் விட வேண்டும். சிலதை எடுத்தால் கையுறைக்குள்ளும் வெதுவெதுப்பு தெரியும். சிலது சில்லென்று இருக்கும். சில்லென்று இருப்பவை மூலையில் உருண்டைபோல் சுருண்டு, முடியைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். உமியில் கூடு கட்ட முடியாது, எவ்வளவு குவித்தாலும் சரிந்துவிடும். அவருக்கு மனசு கேட்கவில்லை. அந்த ஆளுக்கு மனசு எப்போதுமே கேட்காது, அதுதான் வினையே.

ஓரிக்கையில் நெசவாளர் வீடுகளுக்குப் பெருக்கப் போன பெண்களிடம் முன்பு ஒரு வழக்கம் இருந்தது. தறியில் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலைப் பிணைக்கும்போது வெட்டுப்பட்டுத் தரையில் விழும் நூல் முனைகளை மடியில் கட்டி எடுத்து வருவார்கள். அதைக் கோணிப்பையில் திணித்துத் தைத்துவிட்டால் குளிருக்குப் போர்வை. ஒன்பது வயதில் காய்ச்சல் கண்டபோது சிட்டிபாபுவை அவருடைய அம்மா அப்படிப்பட்ட கோணிக்குள்தான் ஒரு வாரம் போட்டு வைத்திருந்தாள். மேலே கோணி சொரசொரத்தாலும் உள்ளே இருந்தது பட்டு. அந்தச் சூடு அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் மரியம்மாளிடம் கேட்டார்.

"உமாபதி ஐயா வூட்ல பெருக்கறப்ப வுழுற நூலு இருக்குதே, அத ஒரு கை எடுத்தாறியா?"

"எதுக்கு?"

"எலிக்கு."

மரியம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றாள். "எலிக்குப் பட்டு! எனக்குக் கல்யாணத்துக்கு எடுத்தது இன்னா பொடவைன்னு ஞாபகம் இருக்குதாய்யா உனுக்கு?"

திட்டினாலும் வாரத்துக்கு ஒரு கைப்பிடி கொண்டுவந்து கொடுத்தாள். குப்பையில் போகிறதுதானே என்று உமாபதியின் வீட்டிலும் யாரும் கேட்கவில்லை. சிட்டிபாபு அதை விரித்து உட்கார்ந்து, ஜரிகைத் துணுக்கு ஒன்றுகூட இல்லாமல் பொறுக்கி எடுப்பார். ஜரிகை எலியின் காலை அறுத்துவிடும் என்று பயம். பிறகு உமியோடு சேர்த்து ஆட்டோகிளேவில் வேகவைத்து, கூண்டுக்கு ஒரு சிட்டிகை வைப்பார். மறுநாள் போய்ப் பார்த்தால் எலி ஒவ்வொரு இழையாக இழுத்து, அரக்கும் மாம்பழமும் கிளிப்பச்சையுமாக ஒரு கிண்ணம் கட்டி அதற்குள் படுத்திருக்கும். மூக்கு மட்டும் வெளியே தெரியும். அதைப் பார்க்கும்போது சிட்டிபாபுவுக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

நூல் எல்லாவற்றுக்கும் போதாது. தொட்டால் சில்லென்று இருந்தவற்றுக்கு மட்டும் வைத்தார். அப்படிப் பன்னிரண்டு கூண்டு. அது தப்பு என்று தெரியாமலா இருந்தது? தெரியும். தெரிந்ததால்தான் திங்கட்கிழமை தோறும் மேலாளர் வீரபாகு சோதனைக்கு வருவதற்கு முன்னால் எல்லாக் கூட்டையும் எடுத்து ஒளித்துவிட்டு, அவர் போனதும் திரும்ப வைப்பார். எது எந்தக் கூண்டுக்கு உரியது என்று குழம்பாமல் இருக்க, கூண்டின் முகப்பில் செருகியிருக்கும் அட்டையின் ஓட்டையில் அதே நிறத்தில் ஒரு நூல் முடிச்சு போட்டு வைத்தார். வீரபாகு அதைப் பார்த்திருக்கிறார், ஏன் என்று கேட்டதில்லை. இந்த ஊரில் நூல் ஒட்டாத பொருள் எது? மஹாலட்சுமியோ அறைக்குள் வருவதே இல்லை. எடை பார்க்கும் நாளில் சிட்டிபாபு எலிகளைச் சின்ன டப்பாவில் போட்டு ஜன்னல் வழியாக நீட்டுவார், அவள் பக்கத்து அறையில் எடை பார்த்துத் திருப்பிக் கொடுப்பாள்.

ஊசி போட்ட பத்தாம் நாள் மஹாலட்சுமியின் வழிகாட்டிப் பேராசிரியர் தினகரன் பட்டியலைத் திறந்தார். பெல் இல்லாத எலிகள்தான் சீக்கிரம் தேறியிருந்தன! யாரும் எதிர்பார்க்காத முடிவு. தினகரன் சுலபத்தில் சிரிக்காத மனிதர், அன்றைக்குச் சிரித்தார். மஹாலட்சுமி எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள். சிட்டிபாபு இரண்டு தின்றார்.

எதையும் இரண்டு தடவை செய்து பார்க்காமல் வெளியே சொல்லக்கூடாது என்பது அங்கே சட்டம். கார்த்திகையில் மறுபடியும் இருபத்து நான்கு புது எலிகள் வந்தன. அந்தச் சமயம் பார்த்து சிட்டிபாபுவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். இரண்டு மாதம் லீவு. வசந்த் என்கிற இளைஞன் அவருடைய இடத்தில் எலிகளைப் பார்த்துக்கொண்டான். சட்டத்தில் உள்ளபடி தீனி, தண்ணீர், உமி. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

முடிவு தலைகீழாக வந்தது. பெல் இல்லாதவற்றில் பாதி செத்துப் போயின.

தை பிறந்து சிட்டிபாபு வேலைக்குத் திரும்பிய அன்று கேன்டீனே குசுகுசுத்துக்கொண்டிருந்தது. "மொத தடவ நம்பர மாத்திப் போட்டுட்டாங்களாம்பா மேடம்," என்றான் வசந்த். "சீக்கிரம் பட்டம் வாங்கறதுக்கு. அடுத்த வாரம் வியாழக்கிழமை கமிட்டி வெச்சி விசாரிக்கப் போறாங்களாம். பொய்னு முடிவாச்சின்னா அவ்ளோதான், வேற எங்கயும் சேத்துக்க மாட்டாங்க."

சிட்டிபாபுவுக்குக் கையிலிருந்த டீ ஆறிப் போயிற்று.

மறுநாள் செவ்வாய்க்கிழமை மஹாலட்சுமி ஒரு தாளோடு வந்தாள். முடிவு வந்த பத்து நாளில் முகம் ஒட்டிப் போயிருந்தது. தீனி எந்த மூட்டை, தண்ணீர் எந்தக் குழாய், விளக்கு எத்தனை மணிக்கு அணையும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியாக நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணா, மொத பேட்ச்ல எதுனா வேற மாதிரி செஞ்சீங்களா? சின்ன விஷயமா இருந்தாலும் பரவால்ல."

"இல்ல மேடம்," என்றார் சிட்டிபாபு.

ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டால், பங்குனியில் அவரை நிரந்தரமாக்குவதாக இருந்தார்கள். பன்னிரண்டு வருடம் காத்திருந்தது அதற்குத்தான். அதோடு, ஒரு சிட்டிகை நூலால் என்ன ஆகிவிடும் என்றும் ஒரு சமாதானம். ஆனால் அந்தச் சமாதானம் அவருக்கே ஒட்டவில்லை. அன்று ராத்திரி குறட்டை நின்று போயிற்று.

மரியம்மாளுக்குக் குறட்டை இருந்தால் ஒரு கவலை, இல்லாவிட்டால் பெரிய கவலை. ஆபரேஷன் செய்த இடம் வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். அவள் தினமும் சாயங்காலம் உமாபதியின் வீட்டுச் சேதி கொண்டுவருவாள். அந்தப் பெண் சாப்பிடவில்லையாம். உமாபதி தறியில் உட்கார்ந்தவர் ஊடை ஒன்றும் ஓட்டாமல் எழுந்துவிட்டாராம். "நம்பர மாத்தி எழுதற பொண்ணாய்யா அது? ஒரு முழ நூலக்கூட கேட்டுட்டுத்தான் எடுக்கும்," என்றாள். சிட்டிபாபு தட்டில் கை கழுவி எழுந்துவிட்டார்.

ஒன்பதாம் நாள், புதன்கிழமை காலை, அதற்கு மேல் தாங்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மரியம்மாளை நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் ஒரு கால் செருப்போடு நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "நீ இத எங்கிட்ட சொன்னது இன்னிக்கி. அந்தப் பொண்ணாண்ட எப்ப?" என்றாள்.

"வேல பூடுமே மரியா."

"பூட்டா பெயிண்ட் டப்பா இன்னும் பரண்லதான் இருக்குது. அந்தப் பொண்ணு பேரு பூட்டா அத எந்தப் பரண்ல தேடறது?" செருப்பை மாட்டிவிட்டாள். "நூலு எடுத்தாந்தது நானு. நானும் வரேன். நட."

ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸுக்கு நிற்காமல் இருவரும் பெரிய காஞ்சிபுரம் போனார்கள். ஆட்டோவில் சிட்டிபாபு மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை இறுக்கிப் பிடித்திருந்தார். லாக்கரில் மீந்திருந்து முந்தின சாயங்காலம் அவர் எடுத்து வந்த ஒரு பிடி நூல் அதில் இருந்தது. உமாபதி கூடத்தில் தறியில் இருந்தார். மஹாலட்சுமி சுவரில் சாய்ந்து லேப்டாப்பை வெறித்துக்கொண்டிருந்தாள். மரியம்மாள் வழக்கமான வேலைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தவர்கள், பின்னால் சிட்டிபாபுவைப் பார்த்ததும் புரியாமல் விழித்தார்கள்.

சிட்டிபாபு உட்காரவில்லை. பையை அவள் முன்னால் வைத்தார். "மேடம், நான் பொய் சொல்ட்டேன். மொத பேட்ச்ல நான் வேற மாதிரி செஞ்சேன்," என்று ஆரம்பித்து, கோணிப்பையிலிருந்து நூல் முடிச்சு வரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். சொல்லி முடித்தபோது முதுகு நனைந்திருந்தது.

மஹாலட்சுமி பையைப் பிரித்து நூலைக் கையில் எடுத்தாள். பிறந்ததிலிருந்து பார்க்கிற அரக்கு. அவளுடைய அப்பாவின் தறியில் விழுந்தது, அவளுடைய கூண்டுக்குப் போயிருக்கிறது. தறிச் சத்தம் நின்றுவிட்டது. உமாபதியும் எட்டிப் பார்த்தார்.

"ஒரு வாரம் முன்னாடி கேட்டேனேண்ணா," என்றாள். "நேருக்கு நேரா கேட்டேனே. ஒரு வாரம் நான் பைத்தியம் மாதிரி..." எழுந்து உள்ளே போய்விட்டாள். கோபம்தான். அவளுக்குக் கோபப்பட எல்லா உரிமையும் இருந்தது. சிட்டிபாபு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உமாபதி தறியை விட்டு எழவில்லை. மரியம்மாள் மட்டும் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஐந்து நிமிடம் இருக்கும். உள்ளேயிருந்து வந்தவள் முகம் கழுவியிருந்தாள், கையில் பேனா இருந்தது.

"எந்தெந்தக் கூண்டு?"

சிட்டிபாபு சொல்லச் சொல்ல லேப்டாப்பில் பார்த்துக்கொண்டே வந்தாள். இரண்டு, மூன்று, ஐந்து... ஒவ்வொன்றுக்கும் அவளுடைய கண் பெரிதாகிக்கொண்டே போயிற்று.

"ஏழு?"

"ஏழுக்கும் வெக்கணும்னுதான் இருந்தேன் மேடம். நூலு பத்தல."

"ஏழுதான் செத்துது," என்றாள் மெல்ல. "பெல் இல்லாததுல அது ஒண்ணுதான் செத்துது. ஏன்னு எனக்குப் புரியவே இல்ல." பேனா வேகமாக ஓடியது. "பத்தொம்போது? அதுக்கு பெல்லு இருக்குதுண்ணா. அதுக்கு ஏன் வெச்சீங்க?"

"அதுவும் சில்லுனுதான் இருந்துச்சி மேடம், ஏசி காத்து நேரா அடிக்கற எடம். பாவமா இருந்துச்சி."

"பெல் இருக்கறதுல அதான் எல்லாத்துக்கும் முன்னாடி தேறிச்சு." அவள் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள். "அப்பா, நான் தப்பு பண்ணலப்பா. நம்பர் எல்லாம் நிஜம்ப்பா."

உமாபதி தறியிலிருந்து எழுந்து வந்து மகளின் தலையில் கை வைத்தார். பிறகு சிட்டிபாபுவைப் பார்த்து, "உக்காருங்க. மொதல்ல ஒரு வாய் காபி குடிங்க," என்றார். அந்தக் காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டார்கள். சிட்டிபாபு அப்படிப்பட்ட காபியை அதற்கு முன்னும் குடித்ததில்லை, பின்னும் குடித்ததில்லை என்று இன்றைக்கும் சொல்வார்.

வியாழக்கிழமை கமிட்டியில் தினகரனும் வெளியூர்ப் பேராசிரியர்கள் இருவரும் இருந்தார்கள். வீரபாகு ஓரமாக நின்றார். ஒரு கடைநிலை ஊழியர் சொல்லுவதை மட்டும் வைத்து எப்படி நம்புவது, மாணவியைக் காப்பாற்றுவதற்காக இப்போது ஜோடித்த கதையாகவும் இருக்கலாமே என்று பேராசிரியர்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அப்போது சிட்டிபாபு, "சார், கூண்டு அட்டைங்கள அஞ்சு வருசம் தூக்கிப் போடக்கூடாதுன்னு சட்டம் சார். ஸ்டோர் ரூம்ல இருக்கும்," என்றார்.

வீரபாகுவே போய் மூட்டையை எடுத்து வந்தார். அவரே சீல் வைத்த மூட்டை. இருபத்து நான்கு அட்டைகளை மேஜைமேல் பரப்பினார்கள். பன்னிரண்டில் நூல் முடிச்சு. அரக்கு, மாம்பழம், கிளிப்பச்சை. ஏழாம் நம்பரில் இல்லை. பத்தொன்பதில் இருந்தது.

தினகரன் அந்த முடிச்சுகளைத் தன்னுடைய பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"லிஸ்ட் என் அலமாரியில பூட்டியிருந்தது. பெல் இல்லாத பன்னண்டுல பதினொண்ண நீங்க சரியா எடுத்திருக்கீங்க. எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியாது சார். தொட்டா சில்லுனு இருந்துச்சு."

தினகரன் கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். பிறகு நன்றாகத் திட்டினார். மூன்று மாத வேலை வீண், அத்தனை உயிர் வீண், கேட்டபோது மறைத்தது எல்லாவற்றையும்விட மோசம் என்றார். எல்லாம் உண்மை, சிட்டிபாபு தலையாட்டினார். மெமோ கொடுத்தார்கள். நிரந்தரமாக்குவது ஒரு வருடம் தள்ளிப்போனது. வேலை போகவில்லை. மஹாலட்சுமியின் மேல் எந்தத் தவறும் இல்லை என்று எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து சரியாகச் செய்து பாருங்கள், பட்டு வைத்தும் வைக்காமலும் என்றார்கள்.

அன்று ராத்திரி சிட்டிபாபு எட்டரை மணிக்கே படுத்துவிட்டார். மரியம்மாள் பாத்திரம் தேய்த்துவிட்டு வருவதற்குள் வீடு அதிர்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. அதற்குப் பிறகு தலையணையால் காதைப் பொத்திக்கொண்டாள்.

திரும்பச் செய்து முடிக்க எட்டு மாதம் ஆயிற்று. நாற்பத்தெட்டுக் கூண்டு. பெல் உள்ளவற்றில் பாதிக்கும் இல்லாதவற்றில் பாதிக்கும் பட்டு, மற்றவற்றுக்கு உமி மட்டும். யாருக்கு என்ன என்று தினகரன் சீட்டுக் குலுக்கிப் போட்டு நம்பரைக் கொடுத்தார். உமாபதி சுத்தமாகப் பிரித்த நூலைத் தானே எடை போட்டு அனுப்பினார். உமி மட்டும் உள்ள கூண்டுகளில் சில்லென்று இருந்ததைத் தொடும்போதெல்லாம் சிட்டிபாபுவுக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் கை நீளவில்லை. அந்த எட்டு மாதத்தில் அவர் செய்த கடினமான வேலை அதுதான். இது முடிந்த பிறகு எலி வீட்டில் எல்லாக் கூண்டுக்கும் கூடு கட்ட நூல் கொடுப்பதாக தினகரன் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தார்.

புரட்டாசியில் ஒரு காலை மஹாலட்சுமி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். எதிரில் நாற்காலி போட்டிருந்தாள். அதே மாதிரி ஒரு தாள் வைத்திருந்தாள்.

"பட்டியலத் திறக்கறதுக்கு முன்னாடி கேக்கணும்ணா. இந்த தடவ எதுனா வேற மாதிரி செஞ்சீங்களா?"

சிட்டிபாபு தொண்டையைச் செருமிக்கொண்டார். பதினான்காம் கூண்டில் ஒரு நாள் தண்ணீர் பாட்டில் ஒழுகி உமி நனைந்துவிட்டது, உடனே மாற்றினார். ஆனி மாதம் இரண்டாம் வாரம் கரண்ட் போய் ஏசி நாற்பது நிமிடம் நின்றது. முப்பத்தொன்றாம் எலி கையிலிருந்து நழுவி மேஜையில் ஓடியது, பிடித்துவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை அவருக்குத் தும்மல் வந்தது, முகமூடியோடுதான் தும்மினார், இருந்தாலும் தும்மல் தும்மல்தானே. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். முக்கால் மணி நேரம் ஆயிற்று, மூன்று பக்கம் நிரம்பியது. மஹாலட்சுமி ஒன்று விடாமல் எழுதிக்கொண்டாள்.

பிறகு தினகரன் வந்து பட்டியலைத் திறந்தார். லேப்டாப்பில் நான்கு கோடுகள் எழும்பின. உமியில் இருந்தவற்றில் பெல் இல்லாதவை துவண்டு கீழே போயின. பட்டில் இருந்தவற்றில் பெல் இல்லாதவை மற்றவற்றோடு சமமாக, ஒரு படி மேலாகவே எழுந்து வந்தன. தினகரன் இரண்டாவது முறையாகச் சிரித்தார்.

"இன்னா மேடம் அர்த்தம்?"

"ஒரே அடுப்பு, ரெண்டு பானைண்ணா," என்றாள் மஹாலட்சுமி. அவளுக்கு மூச்சு வாங்கியது. "சண்டையும் போடணும், சூடும் காக்கணும். பெல் இல்லாதது சண்டைல மோசம் இல்ல. குளிர்லதான் மாட்டிக்குது. குளிர நாம பாத்துக்கிட்டோம்னா, அது சண்டைய பாத்துக்குது. எலிக்குத்தான் சொல்றேன், ஊர்ல போயி மனுசனுக்குன்னு சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன் மேடம்," என்றார் சிட்டிபாபு. கோணிப்பையும் அம்மாவும் நினைவுக்கு வந்ததை அவர் அங்கே யாரிடமும் சொல்லவில்லை. சந்தோஷமாக எழுந்தார். கதவு வரை போனவர் நின்றுவிட்டார். முகம் மாறியது.

"மேடம். ஒண்ணு வுட்டுப்போச்சி."

மஹாலட்சுமியின் கை லேப்டாப்பின் மேல் அப்படியே நின்றது. தினகரனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"இன்னாண்ணா?"

"நான் அதுங்களாண்ட பேசினேன். உமி மாத்தறப்ப. குளிருதாமா, கொஞ்ச நாள் பொறுத்துக்கோமான்னு."

"பட்டு இல்லாத கூண்டுல மட்டுமா?"

"அய்யய்யோ, இல்ல மேடம். நாப்பத்தெட்டுக்கும் பேசினேன். எல்லாத்துக்கும் ஒரே அளவு."

மஹாலட்சுமி நீளமாக மூச்சு விட்டாள். மூன்றாம் பக்கத்தின் அடியில் மீதமிருந்த இடத்தில் அதையும் எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போடச் சொல்லி அவரிடம் பேனாவை நீட்டினாள்.